அந்த பேய் படம் ரெண்டேகால் மணி நேரம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க சினிமா பக்கத்துல 'எ கோஸ்ட் ஸ்டோரி'ங்கற இங்கிலீஷ் படத்த பத்தி ஒரு சின்ன விமர்சனம் வந்துச்சு. 2017ல வந்த படம், இப்ப எதுக்கு திடீர்னு எழுதுனீங்கன்னு தெரியல, ஆனா எழுதுனவர் நல்ல கடுப்புல இருந்திருக்கார். பேய் படம்னு பேரு ஆனா பேய் ஒரு தடவ கூட பயமுறுத்தல, வெள்ள பெட்ஷீட்ல ரெண்டு ஓட்டைய போட்டு ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி நிக்குது, ஹீரோயின் அஞ்சு நிமிஷம் சாப்பிடுறத வெட்டாம காட்டுறாங்க, தூக்கம் வராதவங்க பாக்கலாம்னு முடிச்சிருந்தார். எனக்கு தூக்கம் வராது. அதனால பாத்தேன்.

நான் கோத்தகிரி பக்கம். வயசு 66. டீ ஃபேக்டரில ட்ரையர் செக்‌ஷன்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். வீட்டம்மா போய் மூனு வருஷம் ஆகுது. பேரன் லீவுக்கு வந்தப்ப விட்டுட்டு போன டேப்லட்ல தேடி போட்டேன். இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா இந்த படத்துக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, யாரும் பேசிக்கறதே இல்ல. திரை கூட முழுசா இல்லாம சதுரமா, ஓரம் மழுங்குன மாதிரி, பழைய ஆல்பத்துல இருக்கற போட்டோ மாதிரிதான் இருக்கு.

கதைன்னு பாத்தா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, புருஷன் கார் ஆக்சிடென்ட்ல செத்துடறான், ஆஸ்பத்திரில போத்துன துணியோடயே எந்திரிச்சு நடந்து வீட்டுக்கு வந்து ஒரு மூலையில நிக்கறான். அவ்வளவுதான். அவ கொஞ்ச நாள்ல வீட்ட காலி பண்ணிட்டு கெளம்பிடறா, இவன் போகாம அங்கயே நிக்கறான்.

அந்த பெட்ஷீட்ட பாத்து உங்க விமர்சகருக்கு சிரிப்பு வந்திருக்கு. எனக்கு வரல. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில விடியக்காலம் நாலேகாலுக்கு என் வீட்டம்மாவ அப்படித்தான் போத்தி குடுத்தாங்க, துணி ஓரத்துல நீல மையில ஆஸ்பத்திரி பேரு அடிச்சிருந்துச்சு, அத திருப்பி வாங்கணும்னு ஒரு பையன் ஆம்புலன்ஸ் வரைக்கும் கூடவே வந்து நின்னான், பாவம் அவன் வேல அது. வீட்டுக்கு வந்து பொறந்த வீட்டு கோடி போத்துனப்பதான் அவ மொகம் அவ மொகம் மாதிரி ஆச்சு. ஆம்புலன்ஸ் கோத்தகிரி மல ரோட்டுல குஞ்சப்பனை தாண்டறப்ப மேகம் எறங்கி ரோடே தெரியல. படத்துல அந்த பேய் தனியா வெட்டவெளில நடந்து வீட்டுக்கு போறத பாத்தப்ப எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, உடம்ப மட்டும் வண்டில ஏத்திட்டு வந்துட்டமே, அவ ஏறுனாளான்னு யாராவது பாத்தமா, ஒருவேள அத்தன வளைவையும் நடந்தே வந்திருந்தா? ஆடி மாசம், பலாப்பழ சீசன், அந்த ரோட்ல ஆனை நிக்குமே, அவளுக்கு ஆனைன்னா உயிரே போயிடும். (எழுதுனப்பறம்தான் கவனிச்சேன். அடிக்கல, இருக்கட்டும்.)

இப்ப அந்த சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன், இந்த லெட்டர எழுத உக்காந்ததே அதுக்குத்தான். துக்க வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டோம், அக்கம்பக்கத்துல இருந்து கொண்டு வந்து குடுப்பாங்க. காரியம் முடியற வரைக்கும் வீடு நெறைய ஆளு, இட்லி உப்புமா கேன்ல காப்பி, சாப்பிடுங்கண்ணே சாப்பிடுங்க மாமான்னு ஆளாளுக்கு சொல்லிட்டே இருந்தாங்க, எனக்கு ஒன்னும் எறங்கல. பதினாறாம் நாள் எல்லாரும் கெளம்பிட்டாங்க, மகன் மருமக பேரன் எல்லாம் சாயந்தர பஸ்ஸுக்கே போயிட்டாங்க, அவங்களுக்கு லீவு இல்ல. ராத்திரி ஒம்போது மணி இருக்கும், அடுப்படி மேடையில ஒரு வர்க்கி பாக்கெட், அரைக்கிலோ, யாரு வச்சுட்டு போனதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சேர் இருக்கு ஸ்டூல் இருக்கு, நான் தரையில உக்காந்தேன். டீ கூட போடல. ஊட்டி வர்க்கி தெரியும்ல உங்களுக்கு, டீயில தொட்டாதான் எறங்கும், வெறும் வாயில தின்னா மாவு மாதிரி தொண்டைய அடைக்கும். ஒன்னு எடுத்தேன், இன்னொன்னு எடுத்தேன், பசியே இல்ல, ஆனா நிறுத்த தெரியல, அடைக்க அடைக்க தின்னுட்டே இருக்கேன், லுங்கி பூரா தூளு, கண்ணுல தண்ணி வந்தது அழுகையா விக்கலான்னு கூட தெரியல. பாக்கெட்ட முடிச்சுட்டு கொல்லப்பக்கம் போய் பூராத்தையும் வாந்தி எடுத்தேன்.

படத்துல அந்த பொண்ணு செய்யறதும் அச்சு அசல் அதேதான். யாரோ வச்சுட்டு போன 'பை'ங்கற பலகாரத்த அடுப்படி தரையில உக்காந்து திங்கறா, கேமரா அசையாம பாத்துட்டு இருக்கு, திடீர்னு எந்திரிச்சு ஓடி வாந்தி எடுக்கறா. நான் டேப்லட்ட கவுத்து வச்சுட்டு வெளிய போய் நின்னேன். அமெரிக்காவுல எந்த மூலையிலயோ எடுத்த படம், எனக்கு நடந்தது அவங்களுக்கு எப்படி தெரியும்? இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் மகன் பேப்பர் படிக்க மாட்டான்ங்கற தைரியத்துலதான் எழுதறேன். அந்த அஞ்சு நிமிஷத்த வெட்டி அம்பது செகண்டா காட்டியிருந்தா ஒரு பொண்ணு சோகமா சாப்பிடுறான்னு போயிருக்கும். முழுசா உக்காந்து பாத்தாதான் அது சாப்பாடே இல்லன்னு தெரியும்.

அவ திங்கற நேரம் பூரா அந்த பேய் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருக்கு, அவளுக்கு தெரியல. படம் முடிஞ்சதும் எங்க அடுப்படில கிரைண்டர் வச்சிருக்கற மூலைய நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன். நம்ம வழக்கப்படி பதினாறு நாள் வெளக்கேத்தி சொம்புல தண்ணி வச்சு உயிர் வீட்டுலதான் இருக்குன்னு வச்சுக்கறோம், அப்பறம் அனுப்பிடறோம். காரியம் பண்ண வந்தவர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு போகட்டுமேன்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் நின்னாங்க, வெக்கமா போயிடுச்சு, கேக்கல. நம்ம படங்கள்ல பேய்னா பழி வாங்கணும் இல்ல காமெடி பண்ணணும், வீட்டுல இருக்கறவன் தாயத்து கட்டி தொரத்தணும். போகாதன்னு சொல்றவன் கத ஒன்னாவது வந்திருக்கா?

எடத்த விட்டு போகாத பேய் எனக்கு புதுசு இல்லீங்க, எங்கப்பாவே அப்படித்தான் இருந்தார், உயிரோட. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்க 5,25,000 பேர இந்தியாவுக்கு எடுத்துக்கறோம்னு பேசி முடிச்சாங்கல்ல, அந்த கணக்குல நாங்களும் ஒரு குடும்பம். 1971ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்பறம் மண்டபம் கேம்ப், அப்பறம் இந்த மல. எனக்கு 12 வயசு. அப்பா இங்க 34 வருஷம் இருந்தார், ஆனா சாகற வரைக்கும் அவர் வாயில 'வீட்டுல'ன்னு வந்தா அது இலங்கையில அட்டன் பக்கம் விட்டுட்டு வந்த எஸ்டேட் லயத்து வீடுதான், வீட்டுல வாசப்படி தேஞ்சிருக்கும்பார், வீட்டுல கொய்யா காச்சிருக்கும்பார். அந்த லயத்துல அப்பறம் வேற யாரோ குடியிருந்திருப்பாங்க, இந்த மனுசன் அங்க ஒரு மூலையில நிக்கறது அவங்களுக்கு தெரிஞ்சிருக்காது. படத்துலயும் வேற குடும்பம் வருது, அம்மாவும் பிள்ளைங்களும், பேய் நின்னுட்டே இருக்கு.

பக்கத்து வீட்டு ஜன்னல்ல பூப்போட்ட துணி போத்திட்டு இன்னொரு பேய் இருக்கு. யாருக்கோ காத்துட்டு இருக்கு, யாருக்குன்னு அதுக்கே மறந்து போச்சு. எங்க எதிர் வீட்டு பாட்டி கடைசி பஸ் போற வரைக்கும் வாசல் லைட்ட அணைக்க மாட்டாங்க, மகன் திருப்பூர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. கரண்ட் போனா நான் இங்கருந்து டார்ச் அடிப்பேன், அவங்க அங்கருந்து அடிப்பாங்க, மேகத்துல ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். எங்களுக்குள்ள பேச்சுவார்த்த அவ்வளவுதான்.

படத்துல கொறையே இல்லன்னு சொல்ல வரல. ஒரு பார்ட்டில ஒருத்தன் உலகம் அழியப்போறத பத்தி லெக்சர் அடிக்கறான், வெட்டறதுன்னா அத வெட்டியிருக்கலாம். கடைசி அரை மணி நேரம் காலம் முன்னாடி போகுது பின்னாடி போகுது, எனக்கு பாதி புரியல.

ஆனா ஒன்னு புரிஞ்சுது. அந்த பொண்ணு வீட்ட விட்டு போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு காகிதத்துல என்னமோ எழுதி நெலவு சந்துல சொருகி மேல பெயின்ட் அடிச்சுட்டு போயிடறா, அந்த பேய் எத்தனையோ காலம் அத நகத்தால சொரண்டிட்டே இருக்கு. எங்க வீட்டுல அடுப்புக்கு பக்கத்து செவுத்துல வீட்டம்மா கேஸ் மாத்துன தேதிய பென்சில்ல எழுதி வைப்பா. 10.4, 19.5, 28.6ன்னு ஒன்னுக்கு கீழ ஒன்னா இருக்கும். 28.6தான் அவ கையெழுத்து கடைசி. அதுக்கு கீழ 2.9ல இருந்து என் எழுத்து. போன பொங்கலுக்கு பெயின்டர் வந்து கரி புடிச்சிருக்கு சார் வழிச்சுடலாம்னு ஸ்கிராப்பர எடுத்துட்டார், நான் போட்ட சத்தத்துல மனுசன் ஏணிய விட்டே எறங்கிட்டார், அப்பறம் அந்த ஒரு மொழம் மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல அடிச்சுட்டு போனார். ரெண்டு பேரா இருந்தப்ப நாப்பது நாளைக்கு ஒரு சிலிண்டர். இப்ப நூறு நாள் தாண்டியும் ஓடுது.

கடைசியா ஒரு விஷயம். படம் ஓடற நேரம் ரெண்டேகால் மணின்னு போட்டிருக்கீங்க. தப்பு. 92 நிமிஷம்தான். நான் ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவயும் கடிகாரத்த பாத்துட்டுதான் போட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம திருத்தம் போட்ருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.