ஒட்டுப் போட வேண்டாம், பாப்பா

திருவொற்றியூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் கார் எம்.ஓ.டி.யில், அதாவது பிரிட்டனில் வண்டிக்குச் செய்யும் வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனையில், ஃபெயில் ஆகிவிட்டது என்று நேற்று ராத்திரி போனில் நீ கோபமாக இருந்தாய். தூக்கக் கலக்கத்தில் நானும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீ அனுப்பிய எம்.ஓ.டி. தாளையும், வண்டிக்கு அடியில் எடுத்த படத்தையும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. சனிக்கிழமை கராஜுக்குப் போய் அந்த வண்டியை எடுத்துவராதே. பழைய எம்.ஓ.டி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை ஓட்டலாம் என்கிறாய். தாளில் முன்பக்க பிரேக் பைப்புக்கு 'மேஜர்' (பெரிய குறை) என்றும், பின்பக்க இடது பிரேக் பைப்புக்கு 'டேஞ்சரஸ்' (ஆபத்து) என்றும் எழுதியிருக்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து அங்கே குறைகளை இப்படித் தரம் பிரித்துத்தான் எழுதுகிறார்களாம், மாப்பிள்ளைதான் சொன்னார். 'டேஞ்சரஸ்' என்று ஒரு வரி விழுந்துவிட்டால், பழைய தாளில் எத்தனை நாள் பாக்கி இருந்தாலும், சரி செய்யாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடு, படத்தைப் பார். பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப் பக்கத்தில் கறுப்பாக ஈரம் தெரிகிறதல்லவா? அது மழைத் தண்ணீர் இல்லை. தண்ணீர் என்றால் காய்ந்திருக்கும். பிரேக் ஆயில் கசிந்து, அதில் தூசி ஒட்டினால்தான் அந்த நிறம் வரும். முப்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் சொல்கிறேன், அந்த பைப் ஏற்கெனவே கசிய ஆரம்பித்துவிட்டது.

"நேற்று வரைக்கும் பிரேக் நன்றாகத்தானே பிடித்தது" என்றாய். பிடித்திருக்கும். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ரெண்டு, ரெண்டரை 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு). பிரேக்கை ஓங்கி மிதித்தால் அந்த பைப்புக்குள் நூறு பார் வரை ஏறும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிற பைப்பின் குறுக்களவு 4.75 மில்லிமீட்டர்தான். அதன் சுவர் 0.7 மில்லிமீட்டர், உன் ஏ.டி.எம். கார்டு கனம்கூட வராது. அதில் மூன்றில் ஒரு பங்கைத் துரு தின்றுவிட்டால் எம்.ஓ.டி.யில் ஃபெயில். சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது இந்த பைப் உடையாது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்து, நீ முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் உடையும். உன் வண்டியில் பிரேக் ஆயில் போக ரெண்டு தனித்தனி வழி, ரெண்டு சர்க்யூட், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். ஆனால் பெடல் திடீரென்று கீழே போகும், வண்டி நிற்க இன்னும் நிறைய தூரம் வேண்டும். அந்த தூரம் உனக்கு இருக்குமா என்று யார் சொல்ல முடியும்?

உனக்கு ஏழு வயது இருக்கும்போது, தாம்பரம் அத்தை வீட்டிலிருந்து அம்பாசடரில் திரும்பி வந்தோமே, நினைவிருக்கிறதா? திரிசூலம் பக்கத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஏரோப்ளேன் இறங்குவதை உனக்குக் காட்டினேன். இன்றைக்கும் அதை நீ ஆசையாகச் சொல்வாய். பாப்பா, ஏரோப்ளேன் காட்ட நான் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் பின் ஆக்ஸில் மேல் போகிற பைப் துருப்பிடித்திருந்தது. முழு பைப்பையும் மாற்ற வேண்டாம், கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டுத் தருகிறேன் என்றார் மெக்கானிக். நானும் சரி என்றேன். நூற்றைம்பது ரூபாய் மிச்சம். அடுத்த மாதமே எஃப்.சி.யிலும், அதான் வண்டித் தகுதிச் சோதனையிலும், பாஸ் ஆகிவிட்டது. புதுப் பெயின்ட் அடித்திருந்தேன், லைட் எல்லாம் எரிந்தது, ஸ்டிக்கர் பளபளத்தது. யாரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

திரிசூலத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் மிதித்தேன். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. ரெண்டு தரம் விட்டு விட்டு அடித்தேன், ஒன்றும் இல்லை. அந்தப் பழைய அம்பாசடரில் ஒரே சர்க்யூட், ஓர் இடத்தில் விட்டால் நாலு சக்கரமும் போச்சு. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மணல்மேட்டில் ஏறி வண்டி நின்றது. "ஏன்ப்பா நிறுத்தினே?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாய். நல்லவேளை, தலைக்கு மேல் ஒரு விமானம் வந்தது. அதைக் காட்டினேன். என் கை நடுங்கியது உனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. மறுநாள் புதுப்பேட்டை போய்ப் புது பைப் வாங்கி, முன்னிருந்து பின்வரை ஒட்டில்லாமல் மாற்றினேன். அந்த நூற்றைம்பது ரூபாய் இன்னும் என் மனசில் கிடக்கிறது.

அதனால்தான், உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுக்கே வந்து வெட்டி ஜாயின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறாரே, அது வேண்டாம் என்கிறேன். தனி ஃபெரூல் (சின்ன உலோக வளையம்) வைத்து இறுக்குகிற ஜாயின்ட்டை எம்.ஓ.டி.யிலும் ஏற்றுக்கொள்வதில்லை. அது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் சரி. பிரேக் பைப்புக்கு முனையை விரித்து, ஃப்ளேர் அடித்துத்தான் மாட்ட வேண்டும்.

உன் வண்டியில் ஏன் இவ்வளவு துரு என்று கேட்டாயே. நம் வீட்டு கேட்டை நினைத்துக்கொள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்ட் அடிக்கிறேன், பார்க்கப் புதிதுபோல இருக்கும். போன வாரம் கீல் பக்கம் நகத்தால் சுரண்டினேன், பெயின்ட்டோடு இரும்பும் செதில் செதிலாக வந்துவிட்டது. கடல் காற்றுக்கே இந்தக் கதி. நீ இருக்கும் அபர்டீனில் கடலும் இருக்கிறது, குளிர்காலத்தில் ரோட்டில் உப்பையும் கொட்டுகிறார்கள். அது அடியில் தெறித்து கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பைப்புக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் உள்ளே தின்பது வெளியே தெரியாது.

எம்.ஓ.டி.காரர்கள் அநியாயத்துக்குக் கண்டிப்பு என்றாய். இங்கே சொந்த வண்டி என்றால் 15 வருஷம் வரை அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மஞ்சள் போர்டுக்குத்தான் எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரமும், அப்புறம் வருஷா வருஷமும் எஃப்.சி. உன் சித்தப்பா காருக்குப் பதினாலு வருஷம் ஆகிறது. 2015 வெள்ளத்தில் ரெண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி அது. போன மாதம் நானே வலியப் போய் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரெண்டு பைப் மாற்ற வேண்டியிருந்தது. அங்கேயோ மூன்று வயதுக்கு மேலான காரை வருஷா வருஷம் ஒருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துச் சொல்கிறார். அவர் உன் விரோதி இல்லை, பாப்பா. அன்றைக்கு எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கராஜில் இதைக் கேள்: செம்பும் நிக்கலும் கலந்த பைப் போடுவீர்களா? அது துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். 'மேஜர்' என்று எழுதிய முன்பக்க பைப்பையும் சேர்த்தே மாற்றச் சொல், ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பிரேக் ஆயில் முழுதும் புதிதாக ஊற்றட்டும். டாட் 4 ரக ஆயில் என்றால் புதிதில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் இழுத்துக்கொண்டால் 155 டிகிரிக்கு வந்துவிடும். நீ வண்டி வாங்கியதிலிருந்து அதை மாற்றியதாகச் சொல்லவே இல்லை. பைப்புக்குள் இருக்கும் ஏரை வெளியே எடுத்த பிறகு, இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. கல்லுபோல நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் திருப்பிக் கொடு.

பணத்தைப் பற்றி யோசிக்காதே, மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். அதுவரை குட்டியை பஸ்ஸில் பள்ளிக்கூடம் கூட்டிப்போ.

பைப் மாற்றியதும் அடியில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. கிளிப் இருக்கும் இடம் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா