7542-ஆ, 7544-ஆ?

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய சுற்றைத் தேடும் பயணிக்கும் விற்பனையாளர் கணக்குக்காக நீ எழுதிய நிரல், டிஎஸ்பிலிப் (TSPLIB) என்ற சோதனைக் கணக்குத் தொகுப்பின் 52 ஊர்கள் கொண்ட பெர்லின்52 மாதிரிக்கு 7544.37 என்று விடை தருகிறது, ஆனால் உகந்த நீளம் 7542 என்கிறார்களே, மிச்சம் எங்கே என்று கேட்டிருந்தாய். உன் நிரல் கண்டது உகந்த சுற்றேதான். நீளத்தை அளந்த விதம்தான் வேறு. 1991-இல் கெர்ஹார்ட் ரைனெல்ட் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கணக்கும் தன் தூர விதியையும் சேர்த்தே சொல்கிறது. பெர்லின்52-இல் இரு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கிய பின்னரே கூட்ட வேண்டும்; நீ பின்னங்களோடு கூட்டியிருக்கிறாய். அதே தொகுப்பின் ஏடிடி48 கணக்கிலோ ஆயத்தொலைவு வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். புவியியல் கணக்குகளில் 38.24 என்றிருந்தால் அது 38 பாகை 24 கலை; அதைத் தசமமாக வாசித்தால் ஊர்களே இடம் மாறிவிடும்.

ஆகவே எதையும் ஓட்டுவதற்கு முன், ஊர்களை 1, 2, 3 என்று வரிசை எண்படியே சுற்றி நீளத்தைக் கணக்கிட்டுப் பார். பிசிபி442-க்கு 221440, ஏடிடி532-க்கு 309636 வந்தால் தூரச் சார்பு சரி.

அடுத்து, பெர்லின்52-இல் வென்றதை வைத்து நிரலை மெச்சிக்கொள்ளாதே. பலமுறை புதிதாகத் தொடங்கும் சாதாரண இரு-விளிம்பு மாற்றமே (சுற்றின் இரண்டு இணைப்புகளை நீக்கி வேறு விதமாக இணைத்துப் பார்ப்பது) அதை முடித்துவிடும். எஃப்எல்1577-ஐ எடுத்துப் பார். அதில் ஊர்களுக்குப் பதில் துளையிட வேண்டிய புள்ளிகள்; அவை கொத்துக் கொத்தாக இருப்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள பத்துப் புள்ளிகளை மட்டும் அண்டைப் பட்டியலில் (அதிலிருந்து இணைத்துப் பார்க்க வேண்டிய புள்ளிகளின் பட்டியல்) வைத்தால், பத்தும் அதே கொத்துக்குள் அடங்கிப்போய், கொத்துகளை இணைக்கும் விளிம்புகள் தேடலுக்குள் வராமலேயே போகக்கூடும். புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு கால்வட்டத் திசைகளிலிருந்தும் சில அண்டைப் புள்ளிகளை எடுத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து.

85,900 புள்ளிகள் கொண்ட பிஎல்ஏ85900 கணக்கின் பக்கம் நான் போவதாக இல்லை. 142382641 என்ற அதன் உகந்த விடையை 2006-இல் கான்கார்ட் நிரல் நிறுவியபோது செலவான கணிப்பொறி நேரம் 136 ஆண்டுகளுக்கும் மேல். நமக்கு உகந்த விடையிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளி நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

எஃப்எல்1577-இல் வெவ்வேறு தற்செயல் விதைகளுடன் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்கள்) ஓட்டி, சிறந்த விடையை மட்டும் அனுப்பாமல் சராசரியையும், மிக மோசமானதையும், ஆன நேரத்தையும் சேர்த்து எழுது. என்னுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்