குருவிக்குப் பாண் வேண்டாம், புதரை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டைத் தேடி வரும் குருவிகளுக்கு மொட்டைமாடியில் சோறும் பாணும் வைக்கும்படி சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் வெள்ளவத்தையில் மதிலில் ஒரு பிடி சோறு வைத்தால் முதலில் வந்து இறங்குவது யார் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்கு வைப்பது வேறு விடயம், அதை நான் குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்க மிச்சத்தைக் கொட்டிக் காகங்களைக் கூட்டிவிட்டால், பக்கத்துச் செடியில் இருக்கும் கொண்டைக்குருவியின் முட்டைக்கும் குஞ்சுக்கும் அவைதான் எமன்.

பாடும் குருவிகள் பலவும் சோற்றை நம்பி இருப்பவை அல்ல. கொண்டைக்குருவி கறிவேப்பிலைப் பழத்துக்கும் ஜாம் பழத்துக்கும் வரும். குண்டுக்கரிச்சான் நிலத்தில் இறங்கிப் புழு பூச்சியைப் பொறுக்கும். தேன்சிட்டு செவ்வரத்தைப் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும் (மகரந்தச் சேர்க்கைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை, கெட்டிக்காரக் கள்ளன்). அந்தத் தேன்சிட்டுகூடக் குஞ்சு பொரித்துவிட்டால் பூச்சியும் சிலந்தியும்தான் கொண்டுவந்து ஊட்டும். வெறும் இனிப்பில் குஞ்சு வளராது. அதனால் பூச்சிமருந்து அடிக்காத நாலு செடி இருந்தாலே போதும்.

அடுத்தது ஒட்டடை. தேன்சிட்டின் கூட்டைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? நாரும் சருகும் மரப்பட்டைத் துணுக்கும் சிலந்தி வலையால் பிணைக்கப்பட்டு, கொப்பு நுனியில் ஏதோ குப்பை சிக்கியது போலத் தொங்கும். வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னத் தாழ்வாரம் வேறு. கட்டுகிற வேலை பெரும்பாலும் பெண்ணுக்கு. ஆண் பக்கத்தில் இருந்து சத்தம் போடும். யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. தையற்சிட்டு இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துப் பை மாதிரித் தைக்கும். வீட்டுக்குள் எவ்வளவும் தூசு தட்டுங்கள். பல்கனிக்கு வெளியே ஒரு மூலையையாவது தும்புத்தடி படாமல் விட்டுவையுங்கள்.

கொண்டைக்குருவிக்கு வெட்கமே கிடையாது. விறாந்தை விளக்கின் மேலேயே கட்டிவிடும், சில வீடுகளில் வரவேற்பறைக்குள்ளேயே. அடைகாக்க ஏறக்குறைய இரண்டு கிழமை, குஞ்சு கூட்டை விட்டு இறங்க அதற்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதுவரைக்கும் அந்த விளக்கைப் போடாமல், விடியும்போது யன்னலைத் திறந்து, பக்கத்து மின்விசிறியை நிறுத்தி வைத்தால் சரி. குஞ்சு இறங்கும்போது நன்றாகப் பறக்கத் தெரியாது, நிலத்தில் தத்தித் திரியும். அநாதை என்று நினைத்துக் கூண்டில் அடைத்து வளர்க்காதீர்கள், தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும். தூக்கி ஒரு கொப்பில் விட்டால் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 2017 இல் நாடு முழுதும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானதை நாம் மறக்க முடியாது. நுளம்பு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போகாது. தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற முடியாதவர்கள் தண்ணீர் வைக்கவே வேண்டாம். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்கும்போது “குருவிக்குத்தான் வைத்தேன், ஐயா” என்று சொல்லித் தப்ப முடியாது.

என்னை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன். எங்கள் தொடர்மாடியில் நிர்வாகக் குழு ஆள் பிடித்து வேலியோரச் செடிகளை ஒரே நாளில் மொட்டையாக வெட்டுவித்தது. உள்ளே குஞ்சுகளோடு கூடு இருந்தது. வெட்டியவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. மற்றத் தொடர்மாடிக் குழுக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கத்தரி வைப்பதற்கு முன் ஒருவர் கொப்புகளை விலக்கிப் பார்க்கட்டும். கூடு இருந்தால் அந்தச் செடியை மட்டும் அடுத்த மாதம் வெட்டலாமே.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி
கொழும்பு 06