குடியிருப்புக் கலைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சால்வையோடு பின்வரிசையில் இடம் பிடித்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை கலைக் குழு செய்த வேலைகளைச் செயற்குழுவின் சார்பில் வைக்கிறேன். எத்தனை நிகழ்ச்சி, யார் தலைமை, யாருக்குப் பொன்னாடை என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் தேதிவாரியாக ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்பப் படித்து உங்கள் காபியை ஆறவைக்கப் போவதில்லை. குன்னூரில் முதியோர் குடியிருப்பில் கலை நடத்துவதென்றால் பாதி வேலை ஈரத்தோடு மல்லுக்கட்டுவது, மீதிப் பாதி முழங்காலோடும் காதோடும் கண்ணோடும் சமாதானம் செய்துகொள்வது. ஆர்வத்துக்கு இங்கே பஞ்சமில்லை. இந்த ஆண்டு எது நின்றுபோனது, எது நிலைத்தது, ஏன் என்பதுதான் இந்த அறிக்கை.

முதலில் நேரம். சபா வழக்கப்படி மாலை 6 மணிக்கு வைத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளைக் காலை 10.30-க்கு மாற்றினோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாலை நாலரைக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. கூடத்துக்கு வரும் கற்பாதையில் பாசி. கைத்தடியின் ரப்பர் அடி தேய்ந்திருந்தால் அதுவும் வழுக்கும். மாலைக் கச்சேரிக்கு ஆள் வராததற்கு ரசனைக் குறைவு என்று போன ஆண்டு அறிக்கையில் எழுதியது தவறு. இருட்டில் திரும்பிப் போகும் பயம்தான் காரணம். காலை நேரத்தில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதால், வாழ்த்துரைகள் தாமாகவே சுருங்கிவிடுகின்றன.

இசை வகுப்பில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகளான 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையின் மேல் நிற்பவை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அந்த மெழுகு இறுகி வெடிப்பு விடுகிறது. மெட்டு ஒரு நூல் அசைந்தாலே அந்த இடத்தில் சுரம் பிசகும். சரி, மேளம் கட்டி, அதாவது மெழுகைப் புதுப்பித்து மெட்டுகளைத் திரும்பப் பதித்து, வரலாமென்று கீழே சமவெளிக்கு அனுப்பினோம். வேலை நன்றாகத்தான் முடிந்தது. திரும்பும் வழியில், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் மெழுகு இளகி, மெட்டுகள் சாய்ந்த வீணைதான் மேலே வந்து சேர்ந்தது. இனி வீணையை இறக்குவதில்லை. மேளம் கட்டுபவரைப் பிப்ரவரி கடைசியில் மேலே வரவழைக்கிறோம். அவர் வந்துபோகும் செலவு, இரண்டு முறை மேளம் கட்டும் செலவைவிடக் குறைவு. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது வாசித்தவரின் பொறுப்பு. கைவியர்வையும் மலை ஈரமும் சேர்ந்தால் எஃகுத் தந்தி சீக்கிரமே துருப்பிடித்துவிடுகிறது.

மிருதங்கத்தின் கதை வேறு. தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோல்முகத்தில் பிசைந்து ஒட்டும் ரவையை வாசித்து முடித்த உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஒட்டியபடியே உறை போட்டு வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம். ஈரத்தில் வார் தளர்ந்து வலப்பக்கச் சுருதி இறங்கும்போது, அறை ஹீட்டருக்கு முன்னால் வைத்து ‘சூடு காட்டுவது’ இங்கே பலருக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். தோல் ஒரே பக்கம் வேகமாக உலர்ந்து இழுக்கும்போது, நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணை பிளந்துவிடும். ஒரு மிருதங்கத்தை இந்த ஆண்டு அப்படித்தான் இழந்தோம். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே கருவியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, அறையின் சூட்டுக்குப் பழகவிட்டு, பிறகு கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிச் சேர்ப்பதே வழி.

கருவி அலமாரியைப் பற்றி ஒரு புகாரும் ஒரு விளக்கமும். அலமாரிக்குள் எரியும் 40 வாட் குண்டு பல்பை, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் எல்இடியாக மாற்றிவிட்டார்கள். எல்இடி வெளிச்சம் தரும், அலமாரியை உலர்த்தும் அளவுக்குச் சூடு தராது. அந்தப் பல்பு அங்கே இருந்ததே சூட்டுக்காகத்தான். விளைவு, ஹார்மோனியத்தின் துருத்தித் தோலில் வெள்ளைப் பூ. மரம் உப்பி நாலைந்து கட்டைகள் அழுத்தினால் மேலே வரவில்லை. பழைய பல்பைத் திரும்பப் போட்டு, சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு அமைத்து, எந்தத் துணியுறையும் ஒரு சாணுக்குள் வராதபடி தட்டை மாற்றியிருக்கிறோம். கூடவே அரைக் கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில் தொங்குகிறது. ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். இரும்பு வாணலியில் சிறுதீயில் வறுத்தால் நிறம் திரும்பும். சமையலுக்குப் புழங்காத வாணலியில்.

சேர்ந்து பாடும் குழுவில் சுருதித் தகராறு இருந்தது. 5 கட்டைச் சுருதியில் பாடிப் பழகிய பெண் குரல்கள் இப்போது 4 கட்டையில்தான் சிரமமில்லாமல் நிற்கின்றன. ஆண்கள் 1 கட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதி வைத்துப் பார்த்ததில் ஆண்கள் மேலே கத்தினார்கள், பெண்கள் கீழே முணுமுணுத்தார்கள். கடைசியில் இரு அணியாகப் பிரிந்து, சுருதிப் பெட்டியை மாற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் பாட ஒருவர் கேட்பது என்று ஆனது. நடுவில் மூச்சு வாங்க நேரமும் கிடைக்கிறது.

காது கேட்கும் கருவி அணிபவர்கள் “வீணை நடுங்குகிறது, புல்லாங்குழல் குமிழியிடுகிறது” என்று சொன்னபோது முதலில் ஒலிபெருக்கியைத்தான் குறை சொன்னோம். குற்றம் அதில் இல்லை. பேச்சுக்காகச் சீரமைத்த கருவி, நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தைத் தன்னுடைய விசில் சத்தம் என்று எண்ணி அடக்கப் பார்க்கிறது; அதுதான் நடுக்கமாகக் கேட்கிறது. கேள்திறன் நிபுணரிடம் ‘இசைக்குத் தனி நிரல்’ கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான புதிய கருவிகளில் அந்த வசதி உண்டு, கேட்டால்தான் போட்டுத் தருவார்கள். கூடத்தின் எதிரொலியைக் குறைக்கக் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருக்கிறோம். பேசுபவர்கள் மைக்கை வாயிலிருந்து ஒரு கைமுட்டி தூரத்தில் பிடித்தால் போதும், வயிற்றருகே பிடித்துக்கொண்டு “கேட்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை.

ஓவியத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் ஓவிய வகுப்பை ஜூலையில் தொடங்கியது குழுவின் பிழை. சாக்குத் தூளும் பசையும் சேர்த்துப் பூசும் மக்கு, கீழே ஒரு நாளில் காய்வது இங்கே மழைமாதத்தில் நாலு நாளாகியும் உள்ளே ஈரமாகவே இருந்தது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். அதை நம்பித் தங்கத்தாள் ஒட்டினால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். பொறுமையில்லாமல் ஒரே தடவையில் தடிமனாக அப்பிய இடங்களில் வெடிப்பு. இனி அந்த வகுப்பு ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும். மக்கை மெல்லிய பூச்சாக மூன்று தடவை, பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. மழைமாதங்களுக்கு அக்ரிலிக் போதும். நீர்வண்ணக்காரர்கள் முடி உலர்த்தும் கருவியை ஒரு முழ தூரத்தில் பிடிக்கலாம். நெருக்கினால் வண்ணம் ஓரத்தில் கோடு கட்டும்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்குத் தூரிகைக் காம்பில் ஸ்பாஞ்சு சுற்றித் தடிமனாக்கியதும், மணிக்கட்டைத் தாங்க மேசையின் குறுக்கே ஒரு கட்டை வைத்ததும் நல்ல பலன் தந்தன. கண்புரை அறுவை செய்துகொண்ட உறுப்பினர்கள், தங்கள் பழைய படங்களில் மஞ்சளும் பழுப்பும் தூக்கலாக இருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். புரை மூடிய லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடும்; அதை எடுத்த பிறகு உலகமே நீலமாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் அறுவை செய்துகொண்ட பிறகு பட்ட பாடும் இதுவே. பழைய படத்தைத் ‘திருத்த’ உட்காராதீர்கள். புதிதாக ஒன்று போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவோம். மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்க்க வேண்டும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விட வேண்டும். கண்ணாடி, தாளைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை கட்டாயம்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் வகுப்பை ஒரு தோடர் அம்மாவே வந்து நடத்தினார். இதற்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, வளையமும் இல்லை. வெளுக்காத பருத்தித் துணியின் பின்பக்கமிருந்து இழையை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுவதுதான். ஓர் இழை தவறினால் அந்த வரிசை முழுக்கக் கோணும், அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். நம் கண்களுக்குச் சாதாரணத் துணியின் இழை எண்ண முடியவில்லை என்பதால், பயிற்சிக்கு முரட்டு நெசவுத் துணியும் விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடியும் வாங்கினோம். வகுப்பு ஒரு மணி நேரம். நாற்பதாவது நிமிடத்தில் கண்ணுக்கு ஓய்வு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நாம் கற்றுக்கொண்டு போட்ட தையலை விற்பனை மேசையில் ‘தோடர் வேலை’ என்று வைக்கக் கூடாது. அந்தப் பெயர் அவர்களுடையது. வாங்க விரும்புகிறவர்கள் அவர்களிடமே வாங்கட்டும்.

பண்டிகைகளில் நவராத்திரி நன்றாக நடந்தது. கொலுப்படி ஐந்துக்கு மேல் வேண்டாம் என்ற முடிவில் சிலருக்கு வருத்தம், ஆனால் ஸ்டூல் மேல் ஏறி யாரும் விழவில்லை. முளைப்பாரி கீழே மூன்று நாளில் எட்டிப் பார்க்கும். இங்கே ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அடுத்த முறை பத்து நாள் முன்பே விதைத்துச் சமையலறைப் பரணில் வைக்க வேண்டும். பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தவர்கள் திறந்து பார்த்தபோது சாயம் கொப்புளித்திருந்தது. உள்ளே அடைபட்ட ஈரம்தான் காரணம். பழைய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், நடுவில் காய்ந்த வேப்பிலை, அவ்வளவுதான்.

மார்கழிக் கோலத்தை விடியலில் போட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டோம். பனி ஈரத்தில் கோலப்பொடி ஊறிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வெயில் வந்தபின் தாழ்வாரத்தின் உலர்ந்த தரையில் அரிசி அரைத்த மாக்கோலம். குனிய முடியாதவர்களுக்கு மேசைமேல் கரும்பலகை. பொங்கலன்று பானை பொங்கத் தாமதமானதற்குச் சமையலறையைக் குறை சொல்ல வேண்டாம்: விறகு ஈரம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பொங்கிய பிறகும் அரிசி வேக நேரம் பிடிக்கும். அரிசியை முன்கூட்டியே ஊறவைத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம். பக்கத்து ஊர்ப் படகர் நடனக் குழுவை அழைக்கும்போது டிசம்பர்–ஜனவரியில் அவர்களுடைய ஹெத்தை அம்மன் பண்டிகை நாட்களைப் பார்த்துத் தேதி வைக்க வேண்டும். இந்த முறை பார்க்காமல் வைத்து, நாமே மாற்ற வேண்டி வந்தது.

நாடகத்தை மனப்பாடம் செய்ய வைத்ததில்தான் போன ஆண்டுகளில் பலர் விலகினார்கள். இப்போது கையில் பிரதியோடு வாசிப்பு நாடகம்: 18 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஒவ்வொருவர் வசனத்துக்கும் ஒரு நிறக் கோடு, முன்னால் இசைக்கலைஞர்கள் வைத்துக்கொள்ளும் தாங்கி. மறதி நோய் உள்ள உறுப்பினர்களுக்கு வசனம் வேண்டாம், இளமையில் பாடிய பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர்களே பாடுகிறார்கள். அவர்களைத் தனி வகுப்பில் ஒதுக்காமல் இந்தக் குழுவிலேயே வைத்திருக்கிறோம். வாசிப்பு வட்டம் வழக்கம்போல் நடந்தது. நூலக அலமாரிகளைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்ததில் பூஞ்சணம் குறைந்திருக்கிறது.

பொதுக்குழுவின் முடிவுக்கு மூன்று விஷயங்கள். காலை 10.30 நேரத்தை நிரந்தரமாக்குவது. கூடத்துக்கு ஓர் ஈரப்பத மானியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வாங்குவது. மழைமாதத்தில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுகிறது, கருவிகளுக்கு 50-ஐ ஒட்டி இருப்பதே நல்லது. மூன்றாவது கூரை. கடைசியாகச் சாயம் அடித்தது குறிஞ்சி பூத்த 2018-இல். அடுத்த குறிஞ்சி 2030-இல், அதுவரை தகரம் தாங்காது என்று பராமரிப்பாளர் சொல்கிறார்.

தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை உங்கள் நாற்காலிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. பொருளாளர் விளக்குவார். கருவி அலமாரியின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இன்று மதியத்துக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடவும்.

செயலாளர்,
கலைக் குழு