டிஜிட்டல் ஸ்ட்ரெஸ்ஸை அரபில அளக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போனும் ஆப்பும் மெசேஜும் மனுஷங்களுக்கு எவ்ளோ ஸ்ட்ரெஸ் குடுக்குதுன்னு கண்டுபிடிக்க அரபில கேள்வித்தாள் தயார் பண்ற டீம்களுக்குத்தான் எழுதுறேன். வளைகுடா ஆஸ்பத்திரிகள்லயும் யுனிவர்சிட்டிகள்லயும் நம்ம ஆளுங்களும் இந்த மாதிரி வேலைல இருக்கீங்க, அதனால தமிழ்லயே சொல்றேன், கூட வேலை பாக்குற அரபுக்காரங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க.

நான் ரியாத்ல நர்ஸ். இப்படி ஒரு கேள்வித்தாளை டேப்லெட்ல போட்டு வெயிட்டிங் ஹால்ல எல்லார்கிட்டயும் நிரப்பி வாங்கச் சொன்னாங்க. வயசான ஒரு அம்மாவுக்கு எழுத்து சரியா தெரியல, நானே வாசிச்சேன், போன் பாக்கும்போது உங்களுக்கு 'தக்த்' வருதான்னு. "எட்டு வருஷமா இருக்கு மகளே, காலைல ஒரு மாத்திரை போடுறேன்"னாங்க. தக்த்ன்னா அழுத்தம்தான், ஆனா பேச்சு வழக்குல அது பி.பி. நம்ம ஊர்ல பிரஷர் இருக்கான்னு கேட்டா மாத்திரை டப்பாவைக் காட்டுவாங்கல்ல, அதே கதை. நான் பக்கத்துல இல்லாம அவங்களே 'அடிக்கடி'ன்னு தொட்டிருந்தா உங்க கணக்குல அவங்க டிஜிட்டல் ஸ்ட்ரெஸ் கேஸ் ஆயிருப்பாங்க.

எழுத்து அரபி வேற, வீட்டுல பேசுற அரபி வேற. 1959ல ஃபெர்குசன்ங்குற மொழியியல் அறிஞர் இந்த இரட்டை வழக்கு பத்தி எழுதின கட்டுரைல எடுத்துக்கிட்ட நாலு மொழில அரபியும் ஒண்ணு. செந்தமிழ்ல கேள்வி கேட்டா நம்ம பாட்டி எப்படி முழிப்பாங்கன்னு நமக்குத் தெரியும், அதனால இது நமக்குச் சட்டுனு புரியணும். கேள்வித்தாள்ல 'தவத்துர்' (பதட்டம்), 'கலக்' (கவலை)னு புத்தக வார்த்தையா வரும், ஆனா கெய்ரோக்காரர் நொந்துபோனா 'மக்னூக்'ம்பாரு, மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், இங்க வளைகுடால 'தஃப்ஷான்'ம்பாங்க, சலிச்சுப்போச்சுன்னு அர்த்தம், மொராக்கோக்காரர் பேசுறது இங்க பலருக்குப் புரியவே புரியாது. அதுக்கு மேல ஆண்பால் பெண்பால் வேற, 'முதவத்திர்' (பதட்டமா இருக்குறவன்)னு ஆம்பளைக்கு மட்டும் எழுதிட்டு பொம்பளைங்ககிட்டயும் அதையே நீட்டுறது எப்படிங்க சரியாகும்?

வார்த்தையை விட எனக்குப் பெரிய கவலை கேள்விகளோட உள்ளடக்கம்தான். டெக்னாலஜியால வர்ற ஸ்ட்ரெஸ்ஸுக்கு டெக்னோஸ்ட்ரெஸ்ங்குற பேரை 1984ல கிரெய்க் பிராட்ங்குற உளவியலாளர் பிரபலமாக்கினாரு, அப்புறம் அதை அளக்க வந்த ரொம்பப் பரவலான ஸ்கேல் அஞ்சு விஷயம் பாக்குது: வேலை குவியுறது, ஆபீஸ் வீட்டுக்குள்ள நுழையுறது, சிஸ்டம் புரியாம திணறுறது, வேலை போயிடுமோங்குற பயம், ஓயாம மாறிக்கிட்டே இருக்குறது. எல்லாம் ஆபீஸ் ஆளை மனசுல வச்சு எழுதினது, நெட் எப்பவும் இருக்கும்னு நம்பி எழுதினது. ஆனா ஈராக், அல்ஜீரியா, சிரியால பரீட்சை நேரத்துல கவர்மெண்ட்டே நெட்டை நிறுத்திருக்கு. சூடான்ல 2024 பிப்ரவரில போருக்கு நடுவுல நெட்வொர்க் மொத்தமா போச்சு, அங்க ஜனங்க காசு அனுப்புறதும் வாங்குறதும் பங்கக்னு ஒரு பேங்க் ஆப்லதான், நெட் போனா அடுப்பு எரியாது. நோட்டிஃபிகேஷன் நிறைய வருதேன்னு படுற அவஸ்தை ஒண்ணு, உறவுக்காரங்ககிட்ட இருந்து ஒரு டிக்கும் வரலையேன்னு ராத்திரி முழுக்க போனைப் பாத்துக்கிட்டே கெடக்குறது இன்னொண்ணு. ரெண்டாவதை யாரு கேக்குறீங்க?

இன்னொண்ணு, கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்ல அனுப்பி காலேஜ் பசங்ககிட்ட பதில் வாங்கிட்டு 'அரபு மக்கள்'னு எழுதாதீங்க. போன்ல ரொம்பத் திணறுறவங்க அந்த லிங்க்கையே திறக்க மாட்டாங்க, மகனோ பேரனோதான் அவங்களுக்கு எல்லாம் பண்ணிக் குடுக்குறது. கேள்வித்தாள் நம்பகமானதான்னு பாக்க போடுற கணக்குல ஆல்ஃபா 0.9 வந்துருச்சுன்னும் சந்தோஷப்படாதீங்க, கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதுன்னுதான் அது சொல்லும், எதை அளந்தோம்னு சொல்லாது.

அதனால மொழிபெயர்ப்பைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊர்லயும் கொஞ்சம் பேரோட உக்காந்து அவங்க பேச்சுலயே கேளுங்க, இந்த போன் உங்களை என்ன பண்ணுதுன்னு. அப்புறம் எழுதின கேள்வியை வாசிச்சுக் காட்டி என்ன புரிஞ்சுதுன்னு திருப்பிக் கேளுங்க. கெய்ரோ மார்க்கும் ரியாத் மார்க்கும் ஒரே பொருள்தானான்னு பாக்காம ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

அந்த அம்மா கிளம்பும்போது போனை என்கிட்ட நீட்டி, ஓடிபி வந்திருக்கா பாரு மகளேன்னாங்க, அதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு, திரும்பவும் முதல்ல இருந்தா தொடங்கணும்னு கேட்டப்போ அவங்க கை நடுங்குச்சு. அதைக் கேக்குற கேள்வி ஒண்ணு சேத்துக்குங்க.

இப்படிக்கு,
ரியாத்ல இருந்து ஒரு தமிழ் நர்ஸ்