பாப்பாவுக்கு, அந்த மனை விஷயமாக

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.
2025, ஆடி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மனைப்பிரிவு நோட்டீஸும் வரைபடமும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன. போனில் பேசலாம் என்றால் பாதிப் பேச்சில் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

நேற்று அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். உன் சித்தப்பா வண்டியில் கூட்டிப் போனார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிறது. வாசலில் ஆர்ச் கட்டி, இரண்டு பக்கமும் அரளி வைத்து, கல் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன கிழக்குப் பார்த்த கார்னர் மனையில் நின்றேன். காற்று நன்றாக வந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மனைப்பிரிவை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. தாகமாக இருக்கிறது என்று அங்கே தண்ணீர் கேட்டேன். வீட்டுக்குப் புதிதாக இளம்பச்சை அடித்திருந்தார்கள். திண்ணைச் சுவரில் மீட்டர் பலகை. பெயின்ட் அடித்தவர் அந்தப் பலகையைக் கழற்றவில்லை, சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் பிரஷ் போகாத விரல் அகல இடத்தில், செம்மண் நிறத்தில் படுக்கையாக ஒரு கோடு. என் மார்பு உயரம் இருக்கும். நான் அதையே பார்ப்பதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். "டிசம்பர்ல வந்துச்சுக்கா. ரெண்டு நாள் நின்னுச்சு. அரிசி மூட்டையை மட்டும் பரண்ல ஏத்துனோம்" என்றாள்.

அந்த டிசம்பர் உனக்கு நினைவிருக்கும். போன் கிடைக்காமல் இரண்டு நாள் அழுதாயே, அதுதான். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ஆனால் பெண்ணையாற்றங்கரையை முக்கியமாக அழித்தது நம் ஊர் மழை இல்லை. ஆற்றின் மேலே, திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள், அந்தத் தண்ணீர் இறங்கி வந்து சேர்ந்தபோது இங்கே மழை ஏறக்குறைய விட்டிருந்தது. வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் வீட்டுக்குள் வெள்ளம். ஆற்றங்கரையில் மனை வாங்குகிறவர்கள் உள்ளூர் மழையை மட்டும் பார்த்தால் போதாது, திருவண்ணாமலைப் பக்கம் பெய்யும் மழையையும் சேர்த்துப் பார்க்கணும்.

வீட்டுக்கு வந்து, நீ அனுப்பிய தாய்ப்பத்திர நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா 26 வருஷம் பத்திர எழுத்தர் கடையில் டைப் அடித்தவள். முதல் பக்கத்தைப் படிக்க மாட்டேன், நேராகக் கடைசியில் இருக்கிற சொத்து விவரத்துக்குத்தான் போவேன். நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, அதில்தான் இருக்கும். 1970களில் எழுதிய அந்தப் பத்திரத்தில், "ஓடைக்கு மேற்கு" என்று தெளிவாக இருக்கிறது. உன் மனைப்பிரிவு வரைபடத்தில் அதே கிழக்குப் பக்கம் 23 அடி ரோடு என்று போட்டிருக்கிறது. ஓடை எங்கே போனது? சர்வே நம்பரை வைத்துப் புலப்படம், அதாவது அந்த நிலத்தின் அரசு அளவு வரைபடம், எடுத்துப் பார்க்கச் சொல்லி, நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தால் பேச்சே இல்லை. அப்படி வராவிட்டாலும் தண்ணீருக்கு அதன் வழி தெரியும்.

டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கிறது, ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். இரண்டும் இருக்கின்றன, நானும் பார்த்தேன். அவை இருப்பது நல்லது, கட்டாயம் இருக்க வேண்டியவை. ரோடு அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், விற்கிறவர் யார் என்பதெல்லாம் அதில் தெரியும். சுவரில் இருந்த அந்தக் கோடு அதில் தெரியாது.

இப்போது விலைக்கு வருகிறேன். உனக்குத் தூக்கம் கெடுவது அதில்தானே. சதுர அடி 1,450 சொல்கிறார்கள், ஆவணி பிறந்தால் 1,600 ஆகிவிடும், இப்போதே டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பாப்பா, அது சொல்கிற விலை. கைமாறிய விலை வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்த இடத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். உன் மனைக்கு வில்லங்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதே சர்வே நம்பரில் யார் யார் எப்போது வாங்கினார்கள், பத்திரத்தில் என்ன தொகை எழுதினார்கள் என்பதும் அதில் வரிசையாக வரும். நான் எண்ணிப் பார்த்தேன். புயலுக்கு முந்தின ஒரு வருஷத்தில் 19 மனை பதிவாகியிருக்கிறது. அதற்கப்புறம் இந்த எட்டு மாதத்தில் இரண்டே இரண்டு. விலை ஏறிக்கொண்டிருக்கிற இடத்தில் பதிவு இப்படி நிற்காது.

நம் ஊரில் நான் பார்த்தவரை விலை இறங்காது, விற்பனைதான் நிற்கும். விற்கிறவர் குறைத்துச் சொல்ல மாட்டார். குறைத்தால் பக்கத்து மனைக்காரர் சண்டைக்கு வருவார். "பிடித்தவர் வாங்கட்டும்" என்று அதே விலையைச் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து கேட்பவருக்கு விலை உறுதியாக நிற்பதாகத் தோன்றும்.

கடலூர் பக்கம் ஏறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறுகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. புதுச்சேரி சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை. கடற்கரைத் தெருக்களில் பழைய வீடுகள் விடுதியாகவும் காபி கடையாகவும் மாறிவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்தவர்களே அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று தெற்கே நகர்கிறார்கள். கிருமாம்பாக்கம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் வந்ததில் வாடகை வீட்டுக்கு ஆள் இருக்கிறது. அங்கே கட்டுப்படியாகாதவர்கள் முள்ளோடை தாண்டி நம் எல்லைக்குள் வருகிறார்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை வேலை ஆரம்பித்ததிலிருந்து அதை ஒட்டிய நஞ்செய்யெல்லாம் மனையாகிறது. நெய்வேலியில் ரிட்டயர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது ஒரு வீடு வாங்கித்தானே ஆகணும், அதில் ஒரு பங்கு இங்கே வருகிறது. 2021-இல் கடலூர் மாநகராட்சியானதும் மனை விற்பவர்கள் நோட்டீஸில் அதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த வருஷம் ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள், வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.5 ஆக்கியது. லோன் போட்டு வாங்குகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஏறுவதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மனை விற்பனைக்கு வந்தால் போர்டு வைப்பதற்குள் போய்விடுகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் 2004 சுனாமியை ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. தெற்கே தொழிற்பேட்டைப் பக்கம் காற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். நீ அனுப்பிய செய்தியில் வீட்டு விலை இத்தனை சதவீதம் உயர்வு என்று இருந்ததே, ரிசர்வ் வங்கி போடும் அந்தக் குறியீடு பெரிய நகரங்களின் பத்திரப்பதிவை வைத்துப் போடுவது. சென்னை உண்டு, கொச்சி உண்டு. கடலூர் அதில் இல்லை. அதைப் பார்த்து நீ பயப்படாதே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 1998-இல் அப்பாவும் நானும் ஒரு மனை வாங்கினோம். உன் கல்யாணத்துக்கு என்றே வாங்கியது. பஞ்சாயத்து அப்ரூவல் போதும் என்று விற்றவர் சொன்னார், ஊரெல்லாம் அப்படித்தான் வாங்கினார்கள். 2016-இல் உனக்கு மாப்பிள்ளை அமைந்ததும் விற்க ஆள் பார்த்து, விலையும் பேசி முடித்தோம். செப்டம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உத்தரவு போட்டது. நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். எங்கள் கடை இருந்த தெருவில் அந்த மூன்று மாதம் ஈ ஓட்டினோம். வாங்க இருந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டோம். தை மாதம் உன் கல்யாணம். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கினார். என் இரட்டை வடச் சங்கிலி பாலிஷுக்குப் போயிருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன், அது அடகுக் கடையில் இருந்தது. வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம்தான் வந்தன. பணம் கட்டி வரன்முறைப்படுத்தி, கடைசியில் விற்றபோது அப்பா இல்லை. அந்த மனை நல்ல மனைதான், விலையும் ஏறியிருந்தது. வேண்டிய நாளில் அது பணமாகவில்லை.

இன்னும் சில விஷயம். 1,200 சதுர அடி, 1,450 வீதம் 17 லட்சத்து 40 ஆயிரம். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 1,56,600 ரூபாய். பெண் பேரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும் என்று புரோக்கர் சொன்னாராம். இந்த ஏப்ரலிலிருந்து அப்படி ஒரு சலுகை வந்தது உண்மை. ஆனால் 10 லட்சம் வரை உள்ள சொத்துக்கு மட்டும். அரசு குறித்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்றும் கேட்டாராம். இந்த மனைக்கு மட்டும் சொல்லவில்லை, எந்த மனையாக இருந்தாலும் அதற்கு ஒத்துக்கொள்ளாதே. வெளிநாட்டுச் சம்பளம் போடுகிற உன் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கிலிருந்து போகிற ஒவ்வொரு ரூபாயும் பத்திரத்தில் ஏறணும். நாளைக்கு விற்கும்போது, குறைத்து எழுதிய தொகையை வைத்துத்தான் உன் லாபத்தைக் கணக்குப் போட்டு வரி கேட்பார்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைச் சென்ட் கணக்கில் தருகிறார்கள் என்று மாப்பிள்ளையின் சிநேகிதர் சொன்னாரே, அதையும் விட்டுவிடு. வெளிநாட்டில் வசிக்கிற நம்மவர்கள் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கச் சட்டம் விடாது. விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

உனக்கு இங்கே ஒரு இடம் வேண்டும் என்று தோன்றுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஷார்ஜாவில் மாசம் பிறந்தால் வாடகை, இங்கே வந்தால் நம் வீட்டில் நாலு பேர் படுக்கக் கூடம் பற்றவில்லை. திரும்பி வந்தால் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்று போன மாசம் சொன்னாயே, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதனால்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். மனையைச் சித்திரை வெயிலில் பார்த்து வாங்கக்கூடாது பாப்பா, ஐப்பசி கார்த்திகையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கணும். அதுவரை பொறுத்துக்கொள். டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதே. புரோக்கர் திரும்பக் கூப்பிட்டால் அம்மாவிடம் பேசச் சொல்.

கூத்தப்பாக்கத்தில் ஒரு பழைய வீடு இருக்கிறது. மனை 900 சதுர அடிதான், கட்டடத்துக்கு மதிப்புப் போட முடியாது, இடித்துத்தான் கட்டணும். மூன்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டியிருப்பதால் விற்கிறார்கள். மூவரும் கையெழுத்துப் போட வருவார்களா என்று கேட்டிருக்கிறேன், மூத்தவர் பெங்களூரிலிருந்து வரணும். விலை இன்னும் கூடுதலாகத்தான் சொல்கிறார்கள். அந்தத் தெருவில் மூன்று வீட்டில் விசாரித்தேன். 2015 வெள்ளத்திலும் சரி, போன டிசம்பரிலும் சரி, தண்ணீர் தெருவில் கணுக்கால் அளவு ஓடியதே தவிர வாசல்படி ஏறவில்லை என்றார்கள். பின்கட்டில் ஒரு உறை கிணறு. அந்த வீட்டம்மாவிடம் கேட்டு ஒரு வாளி இறைத்து, சொம்பில் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

சின்னவனுக்கு முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா