பழைய தோட்ட டிராக்டருக்குப் பெரிய டயர்: வாங்கும் முன் அளவு கேட்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய தோட்ட டிராக்டரைச் சீராக்கி ஓட்டும் பலர், 'பின்னால் 26 அங்குல டயர் போட வேண்டும், அனுப்பி வையுங்கள்' என்று கேட்கிறார்கள். நாங்கள் உடனே அனுப்பாமல் அளவு கேட்பதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கவே இந்த மடல்.

1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட், 1963-இல் ஜான் டீர் கொண்டுவந்த 110 என்ற மாடல், அவற்றின் காலத்து மற்ற வண்டிகள் எல்லாமே எஞ்சின், கியர், டயர் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வடிவமைக்கப்பட்டவை. அந்த வகை வண்டிகளில் பலவற்றுக்குப் பின் டயரின் உயரம் 23 அங்குலம். டயரின் மேல் 23 × 10.50 - 12 என்று இருந்தால் முதல் எண் மொத்த உயரம், அடுத்தது அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம். 26 × 12.00 - 12 டயரும் அதே 12 அங்குல ரிம்மில்தான் உட்காரும். அதனால்தான் பலரும் இதை எளிதான மாற்றம் என்று நினைக்கிறார்கள்.

ரிம்மில் ஏறிவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று ஆகாது. விட்டம் சரியாக இருந்தாலும் ரிம்மின் அகலம் போதாவிட்டால் டயரின் நடுப்பகுதி புடைத்து நிற்கும். அப்போது நடுப்பட்டை மட்டும் தரையைத் தொடும், இரு ஓரங்களும் சும்மா சுற்றும். அகல டயர் வாங்கியதன் பலனே போய்விடும்.

உயரத்தால் வருவது அடுத்த கணக்கு. 23-இலிருந்து 26-க்குப் போனால் சக்கரத்தின் சுற்றளவு 13 சதவீதம் கூடுகிறது. மணிக்கு 9 கிலோமீட்டரில் போன வண்டி அதே கியரில் 10-ஐத் தாண்டும். தரையில் கிடைக்கும் இழுவிசை அதற்கேற்பக் குறையும். பிரேக் கியர் பெட்டியின் தண்டில் இருக்கும் வண்டிகளில் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறைகிறது, சரிவில் இறங்கும்போது இதை நன்றாக உணர்வீர்கள். ஹைட்ராலிக் முறையில் ஓடும் வண்டி என்றால், அதே சுமையை இழுக்க எண்ணெயின் அழுத்தம் கூட வேண்டியிருக்கும், சூடும் ஏறும்.

புல் வெட்டுபவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். வண்டி வேகமாகப் போகிறது, ஆனால் பிளேடு சுற்றும் வேகம் மாறவில்லை. அதனால் வெட்டு ஒழுங்கில்லாமல் வரும். அதைவிடப் பெரிய தொல்லை சாய்வு. பின் அச்சு ஒன்றரை அங்குலம் உயர, முன்பக்கம் அப்படியே இருப்பதால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 46 அங்குலம் இருக்கும் வண்டியில், சட்டத்தில் தொங்கும் 16 அங்குல பிளேடின் முன்முனை பின்முனையைவிடக் கூடுதலாக அரை அங்குலம் தாழ்ந்துவிடும். சாதாரணமாக இருக்க வேண்டியது கால் அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. தொங்கு கம்பிகளில் மரை மிச்சம் இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் வழியில்லை. ஸ்டீயரிங்கும் பாதிக்கப்படும். முன்சக்கரம் எந்தத் தண்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதன் பின்சாய்வு குறைவதால் வண்டி தானாக நேராக்கிக்கொள்ளும் குணம் குறைந்து அலைபாயும்.

முன்டயரையும் சேர்த்து உயர்த்துவதே இதற்கு மருந்து. 16 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குப் போனால் முன்பக்கம் ஓர் அங்குலம் உயரும். ஆனால் முழுமையாகத் திருப்பும்போது டயர் சட்டத்திலோ இணைப்புக் கம்பியிலோ உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது கியர் பெட்டிதான். பழைய டயர் அதிகச் சுமையில் வழுக்கிச் சுழலும், அந்த வழுக்கல்தான் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் மாதிரி உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. ஆழமான பட்டை கொண்ட உழவு டயரைப் போட்டு, எடையும் ஏற்றி, கலப்பை கட்டி உழுதால் டயர் வழுக்காது. அந்த அடியை அச்சின் கீயும் (சக்கரத்தை அச்சோடு பூட்டும் சிறு ஆப்பு) கியர் பற்களும் வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்துக் கியர்கள் புதிதாகக் கிடைப்பது அரிது. ஆகவே உழவுக்குத்தான் பெரிய டயர் என்றால் போடுங்கள், ஆனால் தாழ்ந்த கியரில் மெதுவாக ஓட்டுங்கள். புல் வெட்டும் வண்டிக்கு 23-ஐ விட்டு மாற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அப்புறம், டயரை ரிம்மில் உட்காரவைக்கும்போது பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள். எரியும் திரவத்தைத் தெளித்து டயரை ஊதவைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. டயர் உட்கார்ந்த பிறகு காற்றைக் குறைத்து, அந்த டயருக்கும் சுமைக்கும் உரிய அளவில் வையுங்கள். எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுபவர்கள் டியூப் போட்டே ஊற்றுங்கள், கசிந்தால் ரிம்மை அரித்துவிடும்.

சரி, எங்களுக்கு எந்த அளவுகள் தேவை? ரிம்மின் உள் அகலம், டயரின் உள்பக்கச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. அகலம் 10.50-இலிருந்து 12 ஆனால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் கூடும் என்பதை மனதில் வைத்து அளவெடுங்கள். உட்புறம் இடமில்லை என்று ரிம்மைத் திருப்பி மாட்டினால் சக்கரம் வெளியே தள்ளி நின்று அச்சின் பேரிங்குக்குச் சுமை கூடும். அதைச் செய்யும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், பேரிங்கின் நிலையையும் கேட்டுத்தான் டயர் அனுப்புவோம். எந்த வேலைக்கு டயர் என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
டயர் பிரிவினர்